ஜப்பானும் சீனாவும் வாங்கும் மரச்சில்லு: இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் என்ன அர்த்தம்?

நீங்கள் கேட்டது இது. 1990இலிருந்து ஜப்பானும் சீனாவும் இறக்குமதி செய்த மரச்சில்லு (காகிதக் கூழ் எடுப்பதற்காகச் சிறு துண்டுகளாக நறுக்கிய மரம்) அளவை ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். ஜப்பான் கோடு 2008 வரை உயரத்தில் நின்று, பிறகு இறங்குகிறது. சீனக் கோடு அதுவரை தரையோடு படுத்துக்கிடந்து, அதன் பிறகு விறுவிறுவென்று ஏறி, 2010களின் பிற்பகுதியில் ஜப்பானை வெட்டிக்கொண்டு மேலே போகிறது. “ஜப்பானுக்குப் போன சில்லைச் சீனா பறித்துக்கொண்டது என்று எழுதலாமா?” என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாட்டுக் கணக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியுமா என்பது ஒன்று. கோடுகள் வெட்டும் இடத்தில் உண்மையில் யாரிடமிருந்து யாருக்கு என்ன கைமாறியது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாவதைத் தொட்டால் தப்பாகத்தான் முடியும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காகித ஆலையின் ஆய்வகத்தில் வேலையைத் தொடங்கி, அப்புறம் பதினாறு வருடம் சிங்கப்பூரில் மரச்சில்லு வாங்கி விற்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். என் கை பட்டதெல்லாம் கூழுக்குப் போகும் இலைமரச் சில்லு: யூகலிப்டஸ், அக்கேசியா. ஊசியிலை மரச் சில்லையும், மின்நிலையத்தில் எரிக்கப் போகும் சில்லையும் பற்றி எனக்குத் தெரிந்தது படித்துத் தெரிந்ததுதான். அதனால் அந்தப் பக்கத்தைக் கொஞ்சமாகவே தொடுகிறேன்.

முதலில் டன். இந்த வியாபாரத்தில் டன் என்று வெறுமனே யாராவது சொன்னால் “எந்த டன்?” என்று திருப்பிக் கேட்பதுதான் வழக்கம். வெட்டிய மரத்தில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். வாங்குகிறவன் தண்ணீருக்குக் காசு கொடுக்க மாட்டான். அதனால் விலை பேசுவது எலும்பு உலர்ந்த டன்னில், அதாவது ஈரம் முழுவதும் போன பிறகு மிஞ்சும் எடையில். கப்பலில் ஏறுவதோ பச்சை டன். 40,000 பச்சை டன் ஏற்றிய ஒரு கப்பலில் உலர் சரக்கு ஏறத்தாழ 20,000 டன்தான் இருக்கும். இது போதாதென்று அமெரிக்கர்கள் ஆரம்பித்துவைத்த இன்னோர் அளவும் உண்டு: உலர் யூனிட். அது 2,400 பவுண்டு, அதாவது சுமார் 1,089 கிலோ. பழைய ஜப்பானிய ஒப்பந்தங்களில் இதைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். உலர் யூனிட்டை உலர் டன் என்று நினைத்துப் போட்டால் 9 சதவீதம் பிழை. பச்சை டன்னை உலர் டன் என்று நினைத்தால் கணக்கு இரண்டு மடங்காகிவிடும்.

ஈரம் பார்ப்பது எப்படியென்று ஆய்வகத்தில் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது புரியும். கன்வேயர் பெல்ட்டில் சில்லு ஓடிக்கொண்டிருக்கும்போதே குறித்த இடைவெளியில் ஒரு கை அளவு எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டுவார்கள். பிறகு தட்டில் பரப்பி, 105 டிகிரி அடுப்பில், எடை இனிக் குறையாது என்கிற நிலை வரும்வரை உலர்த்துவார்கள். போட்ட எடைக்கும் எடுத்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீர். ஒருமுறை ஏற்றிய துறைமுகத்தில் வந்த ஈரத்துக்கும் இறக்கிய துறைமுகத்தில் வந்த ஈரத்துக்கும் இரண்டு புள்ளி இடித்தது. கேட்டால் சின்னதாகத் தெரியும். 40,000 பச்சை டன்னில் இரண்டு சதவீதம் என்றால் 800 உலர் டன். டன் 150 டாலர் என்று வைத்தால் ஒன்றேகால் லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. யாரோ ஒரு மாதிரிப் பையைச் சரியாகக் கட்டவில்லை, சில்லு வெயிலில் காய்ந்துவிட்டது என்று கடைசியில் தெரிந்தது. அதற்குள் இரண்டு பக்கமும் மூன்று மாதம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

உங்கள் அட்டவணையில் எந்த டன் இருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு விற்பனை நாட்டுக்கும், மொத்த மதிப்பை மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். ஒரே தரத்து ஆஸ்திரேலியச் சில்லுக்கு ஒரு பக்கம் வரும் டன் விலை இன்னொரு பக்கத்தில் வருவதில் பாதியாக இருந்தால், அந்த வரிசை பச்சை டன். அடுத்து, வாங்கும் நாட்டின் இறக்குமதிக் கணக்கையும் விற்கும் நாட்டின் ஏற்றுமதிக் கணக்கையும் எதிரெதிரே வையுங்கள். இரண்டும் அப்படியே பொருந்தாது. டிசம்பரில் ஏறிய சரக்கு ஜனவரியில் இறங்கும். ஆனால் இரண்டு மடங்கு இடித்தால் அது கப்பல் ஓடிய நாட்களால் வந்த வித்தியாசம் அல்ல. மாதக் கணக்கையும் நம்பி வரையாதீர்கள். ஒரே ஒரு கப்பல் முன்னே பின்னே வந்தாலே கோடு குதிக்கும். வருடக் கணக்கு, இல்லையென்றால் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகை.

சுங்கக் குறியீட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். 4401.21 என்பது ஊசியிலை மரச் சில்லு, 4401.22 என்பது மற்ற மரங்களின் சில்லு. 4401.31 பெல்லட், மரத்தூளை இறுக்கிச் செய்த சிறு குச்சி; அது எரிக்கிற சரக்கு, கூழுக்கு ஆகாது. 2012இல் ஜப்பான் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு நிர்ணய விலை கொடுக்கத் தொடங்கிய பிறகு பெல்லட் இறக்குமதி அங்கே பெருகியது. 4401 என்று மொத்தமாக எடுத்துவிட்டால் ஜப்பானின் கோட்டில் இதுவும் கலந்து, காகிதத்துக்கான மரம் குறைந்ததை மறைத்துவிடும்.

சரி, கணக்கு சுத்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி கதைக்கு வருவோம். கடல் கடந்து சில்லு வாங்கும் வழக்கத்தை ஒரு பெரிய தொழிலாக ஆக்கியதே ஜப்பான்தான். 1960களின் நடுவில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து முதல் சில்லுக் கப்பல்கள் போயின. அதுவரை ஆரிகன், வாஷிங்டன் பக்கத்து மர அறுவை ஆலைகளில் மிஞ்சிய துண்டு துணுக்கை என்ன செய்தார்கள் தெரியுமா? கூம்பு வடிவ இரும்பு உலைகளில் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தக் கழிவு திடீரென்று சரக்கானது. 1970 வாக்கில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஈடன், பிறகு டாஸ்மேனியாவில் டிரையபன்னா, 1976இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பன்பரி என்று ஜப்பானுக்காகவே சில்லு ஆலைகள் முளைத்தன. பப்புவா நியூகினியில் மடாங் அருகே கோகோல் பள்ளத்தாக்கின் மழைக்காட்டையே வெட்டிச் சில்லாக்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகமும், பின்னாளில் சிலியும் சேர்ந்துகொண்டன. ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து போனதில் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீகை மரம் என்று சொல்கிறோமே, அதுவும் உண்டு. தோல் பதனிடப் பட்டை, காகிதத்துக்குக் கட்டை.

இதற்கென்று கட்டிய கப்பல்களைப் பார்த்தால் ஜப்பான் எவ்வளவு தூரம் யோசித்து இறங்கியது என்பது தெரியும். சில்லு எடையில் லேசு, இடத்தை அடைக்கும். சாதாரணச் சரக்குக் கப்பலில் ஏற்றினால் அறைகள் நிரம்பிவிடும். கப்பல் இன்னும் பாதி பாரத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதனால் ஆழமான பெரிய அறைகள், மேல்தளத்தில் சொந்தக் கிரேன், ஓரமாக ஓடும் கன்வேயர் என்று தனி வகைக் கப்பல்கள். ஆலையோடு பல வருட ஒப்பந்தம், கப்பலோடும் பல வருட ஒப்பந்தம். சிலியிலிருந்து ஜப்பானுக்கு ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். இந்த ஏற்பாடு இல்லாமல் கட்டுப்படியாகாது. (கப்பல் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மூடிய அறைக்குள் ஈரச் சில்லு ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாசனை என்னவோ புளித்த காடி மாதிரி, ஆபத்தில்லாததாகத்தான் இருக்கும். காற்றைச் சோதிக்காமல் ஏணியில் இறங்கியவர்கள் உயிரோடு திரும்பாத சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.)

1990இல் அமெரிக்க வடமேற்கில் புள்ளி ஆந்தை அருகிவரும் பறவையாக அறிவிக்கப்பட்டதும் அங்கே அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது சுருங்கியது. அறுவை ஆலை குறைந்தால் மிச்சத் துண்டும் குறையும். ஜப்பான் ஏற்கெனவே இலைமரச் சில்லுக்கு மாறிக்கொண்டிருந்தது. இது அதை வேகப்படுத்தியது. ஊசியிலை மரத்தின் இழை நீளம், காகிதத்துக்கு வலு தரும். இலைமரத்தின் இழை குட்டை. எழுதும் தாளுக்கும் அச்சுத் தாளுக்கும் வேண்டிய வழவழப்பு அதில்தான் வரும். ஜப்பானில் மலையெல்லாம் சுகியும் ஹினோக்கியுமாக நிற்கிறதே, ஏன் வெளியில் வாங்கவேண்டும் என்று கேட்பார்கள். அவை ஊசியிலை மரங்கள், செங்குத்துச் சரிவில் நிற்பவை, வெட்டிக் கீழே கொண்டுவரும் கூலி அதிகம். ஜப்பானிய ஆலைகள் உள்நாட்டுச் சில்லையும் வாங்கத்தான் செய்கின்றன, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மீதி கடல் வழியாக.

இந்தக் காலத்தில் சீனா எங்கே இருந்தது? உங்கள் வரைபடத்தில் தெரியாதது இதுதான்: சீனா விற்கிற பக்கம் இருந்தது. 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் குவாங்டோங் மாகாணத்தின் லெய்சோ தீபகற்பம், குவாங்சி, ஹைனான் ஆகிய இடங்களின் யூகலிப்டஸ் தோட்டங்களிலிருந்து சில்லு ஜப்பானுக்குப் போனது. இறக்குமதிக் கோட்டை மட்டும் வரைந்தால் சீனா 2008இல் எங்கிருந்தோ புதிதாக வந்து குதித்த மாதிரி இருக்கும். ஏற்றுமதியைக் கழித்து நிகரக் கணக்கு போட்டுப் பாருங்கள். கோடு பூஜ்யத்துக்குக் கீழே தொடங்கி, 2000களின் பிற்பகுதியில் பூஜ்யத்தைத் தாண்டுவது தெரியும். ஜப்பானுக்கு முதலில் நின்றது சீனாவின் சொந்தச் சில்லு. இதை வேண்டுமானால் பறிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தன் மரத்தைத் தானே வைத்துக்கொள்வதற்கு அந்தச் சொல் பொருந்துமா என்று தெரியவில்லை.

திருப்பத்துக்குக் காரணம் கடற்கரையில் எழுந்த கூழ் ஆலைகள். ஹைனானின் யாங்பூவில் ஆண்டுக்கு 10 லட்சம் டன் கூழ் எடுக்கும் ஆலை 2005 வாக்கில் ஓடத் தொடங்கியது. 2010இல் ஷான்டோங்கின் ரிசாவோவில் அதைவிடப் பெரிய வரிசை, 2011இல் குவாங்டோங்கின் சான்சியாங்கில் இன்னொன்று. ஒரு டன் இலைமரக் கூழுக்குச் சுமார் இரண்டு உலர் டன் சில்லு வேண்டும். 10 லட்சம் டன் ஆலை ஒன்று முழு வீச்சில் ஓடினால் 20 லட்சம் டன் சில்லு கேட்கும். பக்கத்துத் தோட்டங்கள் அத்தனையையும் கொடுக்க முடியாது. 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் வெட்டக் கட்டுப்பாடு வந்துவிட்டதால் அந்தப் பக்கமும் வழியில்லை. ஆகவே கப்பல். 2008 வாக்கில் பத்து லட்சம் டன் அளவில் இருந்த இறக்குமதி 2021இல் ஒன்றரைக் கோடி டன்னைத் தாண்டியது. இந்த ஆலைகளில் எல்லாமே சீன முதலீடு என்றும் நினைக்க வேண்டாம். யாங்சி கழிமுகத்தில் நான்டோங்கில் உள்ள பெரிய ஆலை ஜப்பானின் ஓஜி நிறுவனத்துடையது. அங்கே இறங்கும் சில்லு “சீன இறக்குமதி” என்றுதான் பதிவாகும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன என்ற படத்தை இது ஒன்றே கொஞ்சம் கலைத்துவிடும்.

ஜப்பான் பக்கம் என்ன நடந்தது? அங்கே காகித உற்பத்தி 2000 வாக்கில் 3 கோடி டன்னைத் தாண்டி நின்றது. 2023இல் சுமார் 2.2 கோடி. சில்லு இறக்குமதி 2008 வரை 1.4 கோடி டன் பக்கத்தில் இருந்து, உலகப் பொருளாதாரச் சரிவில் 2009இல் தடாலென்று விழுந்தது. கொஞ்சம் எழுந்தபோது 2011 மார்ச் சுனாமி இஷினோமாக்கி, ஹச்சினோஹே ஆலைகளை அடித்தது. 2010களில் 1.1, 1.2 கோடி என்று ஓடியது. 2020இல் பெருந்தொற்றில் மறுபடி அடி. செய்தித்தாளும் விளம்பரத் துண்டும் அலுவலகத் தாளும் குறைந்தால் சில்லு குறையத்தான் செய்யும்; அட்டைப்பெட்டிக்குப் பழைய காகிதமே போதும். ஜப்பான் இறங்கியதற்குக் காரணம் ஜப்பானுக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வரிசையையும் கவனியுங்கள். முதலில் ஜப்பான் வாங்குவதைக் குறைத்தது, அப்புறம்தான் விற்பவர்கள் சீனாவைத் தேடிப் போனார்கள். ஆஸ்திரேலியாதான் இதற்கு நல்ல சாட்சி. 1990களிலும் 2000களிலும் வரிச் சலுகையோடு திரட்டிய முதலீட்டுத் திட்டங்களில் அங்கே ஏராளமாக நீலப்பசை மரம் நட்டார்கள். நம்ம ஊர்த் தைலமரத்தின் தாயாதிதான். நீலகிரியில் தைலம் காய்ச்சுவதும் இதே இனத்திலிருந்துதான். எல்லாம் ஜப்பான் வாங்கும் என்ற நம்பிக்கையில் நட்டது. 2009இல் அந்தத் திட்டங்களை நடத்திய டிம்பர்கார்ப், கிரேட் சதர்ன் நிறுவனங்கள் இரண்டும் கவிழ்ந்தன. மரம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. வெட்டும் வயது வந்தபோது ஜப்பானில் கேட்பாரில்லை. டாஸ்மேனியாவில் இயற்கைக் காட்டுச் சில்லை ஜப்பானிய வாடிக்கையாளர்கள் தரச்சான்று கேட்டு ஒதுக்கத் தொடங்க, அங்கே சில்லு விற்றுவந்த கன்ஸ் நிறுவனம் 2012இல் திவால் நிர்வாகத்துக்குப் போனது. டிரையபன்னா ஆலை அதற்கு முந்தைய வருடமே விற்கப்பட்டு, திரும்ப ஓடவே இல்லை. அந்த நேரத்தில் சீனா வந்து வாங்கியது. காலியான நாற்காலியில் உட்கார்ந்தது என்பதுதான் நான் பார்த்தது.

வியட்நாம் கதை வேறு. குயி நோன் துறைமுகத்தின் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் 1990களிலேயே தோட்டம் போட்டன. ஆனால் அந்தத் தொழிலை ஊதிப் பெரிதாக்கியது சிறு விவசாயிகளின் அக்கேசியா. ஒன்றிரண்டு ஹெக்டேர் மேட்டு நிலம், ஐந்தாறு வருடத்தில் வெட்டு. சாலையோரத்தில் பெண்கள் குத்தவைத்து, கைக்கத்தியால் பட்டை உரிப்பதை அங்கே போன ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறேன். காலையில் துறைமுக யார்டில் சில்லுக் குவியலின் உச்சியிலிருந்து ஆவி எழும். உள்ளே புளித்துச் சூடேறுகிறது என்று அர்த்தம். 2010களின் தொடக்கத்தில் வியட்நாம் ஆஸ்திரேலியாவைத் தாண்டி உலகின் முதல் இலைமரச் சில்லு ஏற்றுமதி நாடானது. பாதிக்கு மேல் சீனாவுக்கு. ஆனால் ஜப்பானும் அங்கே வாங்குவதைக் கூட்டியது. இன்று ஜப்பானின் முக்கிய விற்பனையாளர்களில் வியட்நாம் முன்வரிசையில் இருக்கிறது. பறிப்பு நடந்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்காது.

தூரமும் இதில் விளையாடுகிறது. குயி நோனிலிருந்து ஹைனானுக்கு இரண்டு நாளில் போய்விடலாம். ஜப்பானுக்கு ஒரு வாரம் பக்கம். இரண்டு நாள் பயணத்துக்குத் தனி வகைக் கப்பல் தேவையில்லை, கிடைத்த சாதாரணக் கப்பலே போதும். நீண்ட ஒப்பந்தமும் வேண்டாம். ஜப்பானியர் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து விலை பேசி முடிப்பார்கள். சீன ஆலைகள் கூழ் விலையைப் பார்த்துக்கொண்டு அவ்வப்போது வாங்கும், பிடிக்காவிட்டால் நிறுத்தும். 2022இல் வியட்நாம் விலை கிடுகிடுவென்று ஏறி, 2023இல் விழுந்ததை நினைத்துப் பாருங்கள். உங்கள் வரைபடத்தில் சீனக் கோடு பல்லைப் போல மேலும் கீழுமாக இருப்பதும், ஜப்பான் கோடு மெதுவாக வளைவதும் இதனால்தான் என்பது என் கணிப்பு.

நிச்சயமாகச் சொல்ல முடியாத இடம் ஒன்று இருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து சீனா பழைய காகித இறக்குமதியை முழுவதும் நிறுத்திவிட்டது. அதனால்தான் சில்லு இறக்குமதி கூடியது என்று பலர் எழுதுகிறார்கள். கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் பழைய காகிதம் பெரும்பாலும் அட்டைக்குப் போகிறது; இலைமரச் சில்லு வெள்ளைத் தாளுக்கும் மெல்லிய துடைப்புத் தாளுக்கும் போகிறது. ஒன்று இன்னொன்றுக்கு நேர் மாற்று இல்லை. தடைக்கு முன்பே திட்டமிட்ட ஆலைகள் அந்த வருடங்களில்தான் திறந்தன. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரு கணக்கை நான் இதுவரை பார்க்கவில்லை. நீங்கள் எழுதும்போது “காரணம்” என்று போடாமல் “அதே சமயத்தில்” என்று போடுங்கள்.

கடைசியாக ஒன்று. கோடுகள் வெட்டியதை வைத்துச் சீனா ஜப்பானைவிட அதிகமாக இறக்குமதிச் சில்லை நம்பியிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். 2021 வாக்கில் சீனா ஆண்டுக்குப் பன்னிரண்டு கோடி டன் அளவில் காகிதமும் அட்டையும் செய்தது. ஒரு டன் காகிதத்துக்கு அதன் இறக்குமதிச் சில்லு ஏறக்குறைய 130 கிலோ. ஜப்பானில் அதே கணக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். சீனா நம்பியிருப்பது கூழை: 2021 வாக்கில் ஆண்டுக்கு 3 கோடி டன் அளவில் பிரேசில், கனடா, இந்தோனேசியா என்று பல இடங்களிலிருந்து வந்தது. அந்த ஒன்றரைக் கோடி டன் சில்லைக் கூழாக்கினால் கிடைப்பது 75 லட்சம் டன்தான். எனக்கென்றால், கூழையும் சில்லையும் ஒரே உலர்மர அளவுக்கு மாற்றிச் சேர்த்து இன்னொரு வரைபடம் போடுவேன். அதில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் வருடம் உங்களுடையதைவிடப் பல வருடம் முன்னால் போய் விழும்.